டெல்லியில இருக்குதுங்க

எங்கள் ஆபீசுக்கு ஆண்டு விழாவாம். விழா மலர் போடுகிறார்களாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, விசா டெஸ்க்ல நீங்கதானுங்களே அத்தனை வருசம் இருந்தீங்க. நல்ல ஞாபகமா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டாள். பிள்ளை பணிவாகத்தான் கேட்டாள், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு அந்த ஒரு வார்த்தைதான் மனசில் நின்றது. நல்ல ஞாபகம் வேண்டுமாம். சொத்தை பார்த்துப் பொறுக்கி எடுத்துக் கொடுக்க நான் கத்தரிக்காய்க் கடை வைத்திருக்கவில்லை. இருப்பதை எழுதுகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் அவர்கள் இஷ்டம்.

நான் கோயம்புத்தூர் சிங்காநல்லூர்க்காரி. அப்பா மில் தொழிலாளி. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு கிராஸ்கட் ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த இந்த டிராவல்ஸில் சேர்ந்தேன். டிக்கெட் எழுதினேன், டெலெக்ஸ் செய்தி அடித்தேன், தூதரக வரிசையில் நிற்கச் சென்னைக்கு ரயில் ஏறினேன். எந்த நாட்டுக்குப் போட்டோவில் காது தெரிய வேண்டும், எந்த நாட்டுக்குப் பல் தெரியக் கூடாது என்பதெல்லாம் கை தானாகச் செய்கிற வேலையாகிவிட்டது. கல்யாணம், இரண்டு பிரசவம் எல்லாம் நடுவில் நடந்தன. ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் என்னைவிடச் சின்னவர்கள் எல்லோரும் என்னைச் சரசக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

விசா பிரிவுக்கு மேனேஜர் ரத்தினம் சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஆபீசைப் பற்றிச் சொல்ல முடியாது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனக் கீற்று, மேஜைமேல் ஒரு தூசி இருக்காது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. 'இல்லை', 'முடியாது' என்ற வார்த்தைகளும் அவர் வாயிலிருந்து வந்து கேட்டதில்லை. ஏஜென்சி மூலம் போகிற விண்ணப்பம் திரும்பி வந்தால் பேர் கெட்டுவிடும் என்று, திரும்பி வரக்கூடிய ஃபைல்களை அவர் எடுப்பதே இல்லை. ஆனால் எடுக்க மாட்டேன் என்று வந்தவரிடம் சொல்லவும் மாட்டார். பெல்லை அழுத்திக் "காப்பி சொல்லுங்க" என்பார்.

எங்களுக்கு அதுதான் குறிப்பு. ஃபைலை எடுப்பதாக இருந்தால், "அம்மணி, பாஸ்போர்ட்டை வாங்கிக்கங்க" என்று என் பக்கம் அனுப்பிவிடுவார். தண்ணீர்கூடக் கொடுக்க நேரம் இருக்காது. எடுப்பதில்லை என்றால் கீழே இருந்த பேக்கரியிலிருந்து காப்பி வரும். குடும்ப நலம் விசாரிப்பார், மழை பெய்ததா என்று கேட்பார், "பாத்துக்கலாமுங்க, நான் கூப்புடறேனுங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்புவார். அவர்கள் சந்தோஷமாகப் படியிறங்கிப் போவார்கள். சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் நெய்கிற தம்பதி ஒரு தடவை வந்தார்கள். மகளுக்கு ஆஸ்திரேலியாவில் தலைப்பிரசவம். காப்பி குடித்துவிட்டு, "நல்ல மனுசனுங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். போன் வரும் போன் வரும் என்று இருந்து, பிரசவமே முடிந்துவிட்டது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் வேறு இடத்தில் கேட்டிருப்பார்கள். இதைப் போல எத்தனையோ பார்த்தும் பார்க்காதவள்போல இருந்திருக்கிறேன். ஆனால் நாச்சிமுத்து ஐயா விஷயம் வேறு.

அவர் பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்புக்காரர். மூத்த மகன் தங்கவேலு, தேங்காய் நார் ஆலை வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஆலைக்காரர்களின் விமான டிக்கெட் முழுக்க எங்கள் ஆபீசில்தான். இளையவன் கார்த்தி ஸ்பின்னிங் மெஷின் மெக்கானிக்காக வியட்நாமுக்குப் போனான். அங்கே மில்லில் கணக்கு எழுதிய லான் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். இனியா என்று ஒரு பெண் குழந்தை. குழந்தை தவழும்போதே அவன் ரோட்டில் அடிபட்டுப் போய்விட்டான். சாம்பல் வாங்கிவரத் தங்கவேலு போனார். அவருக்கு விசா எடுத்துக் கொடுத்தது நாங்கள்தான். ரத்தினம் சார் ஞாயிற்றுக்கிழமை ஆபீசைத் திறந்து வைத்து முடித்துக் கொடுத்தார். லானின் வீட்டார் அங்கே அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கியிருக்கிறார்கள்.

நாச்சிமுத்து ஐயா கோயம்புத்தூருக்கு ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் எங்கள் ஆபீசுக்கு வருவார். கிட்னியில் கோளாறு. வீட்டில் கார் நின்றாலும் பஸ்ஸில்தான் வருவார், உக்கடத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து. படியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்து, "ஏனுங்க, என்ற பேத்திக்கு விசா வந்துருச்சுங்களா?" என்று கேட்பார்.

ரத்தினம் சார் எழுந்து நின்று கும்பிடுவார். "டெல்லியில இருக்குதுங்க ஐயா. நாங்க பாத்துட்டுத்தானுங்க இருக்கறோம். காப்பி சாப்புடுங்க."

ஐயாவுக்குக் காப்பி ஆகாது, டாக்டர் தண்ணீரையே அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார். ஆனாலும் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று இரண்டு மடக்குக் குடித்து வைப்பார். காப்பி வந்ததைப் பார்த்தும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. தங்கவேலு வீட்டு ஃபைல் எல்லாம் சார் ரூமிலேயே முடிந்துவிடும், என் மேஜைக்கு வராது. பெரிய இடம், மரியாதைக்குக் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு தடவை சார் போனில் இருந்தபோது ஐயா என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நானாக, "பேத்தி எத்தாச்சோடுங்க ஐயா?" என்று வயதைக் கேட்டேன்.

"பள்ளிக்கொடம் போவுதுங்க அம்மணி. இன்னம் மொத முடி எடுக்கலைங்க."

கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும், அதாவது குலத்துக்கும், ஒரு குலதெய்வக் கோயில் உண்டு. பிறந்த முடியை அங்கேதான் இறக்க வேண்டும், பங்காளிகள் எல்லோரும் கூடியிருக்க, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்து. அதுவரை கத்தரி படக் கூடாது. குழந்தை பிறந்தபோதே கார்த்தி, நம் கோயிலில்தான் முடி எடுக்க வேண்டும் என்று லானிடம் சொல்லியிருக்கிறான். அவன் போன பிறகும் அந்தப் பெண் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அந்தச் சாமியின் பேர்கூட வாயில் நுழையாது. பிள்ளைக்கு முடி இடுப்புவரை வந்துவிட்டது. பேன் பிடிக்கிறது, வெட்டிவிடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்புகிறார்கள். அவள் பின்னிப் பின்னி அனுப்புகிறாள்.

"நான் கண்ணை மூடறதுக்குள்ள முடி எடுத்துக் காது குத்திப்போட்டா, என்ற பையன் புள்ளைன்னு பங்காளிக அத்தனை பேருக்கும் தெரிஞ்சு போயிருமுங்க. அப்பறம் ஒருத்தரும் ஒண்ணும் பேச முடியாதுங்க" என்றார். யார் என்ன பேசுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒருநாள் சார் கொச்சிக்கு ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தார். ஐயா வந்தார். அன்றைக்கு ரொம்பவும் தளர்ந்திருந்தார், கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் பின்வாரை மிதித்துக்கொண்டு வந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வியட்நாம்காரர்கள் இந்தியாவுக்கு வர ஈ-விசா. கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு விண்ணப்ப எண் வரும். அந்த எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் இருந்தால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். சாதாரணமாக ஒரு வாரத்துக்குள் பதில் வந்துவிடும். ஏன் இத்தனை மாதம் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. எண்ணைக் கேட்கலாம் என்று சாருக்குப் போன் செய்தேன்.

"எந்த நம்பருங்க அம்மணி?"

"பொள்ளாச்சி ஐயாவோட பேத்தி ஃபைலுங்க சார். அப்ளிகேசன் நம்பர் சொன்னீங்கன்னா ஸ்டேட்டஸ் பாத்துச் சொல்லிருவேனுங்க."

"அது நாம போடலைங்களே" என்றார், மிகச் சாதாரணமாக. "தங்கவேலண்ணன் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்காருங்க."

"எத்தனை நாளைக்குங்க சார்?"

"பெரியவருக்கும் வயசாச்சுங்களே" என்றார். பிறகு, "காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பிச்சு உட்ருங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எதிரில் அந்த மனிதர் பச்சைப் பிள்ளையைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோப்பில் தம்பி பிள்ளைக்குப் பங்கு போய்விடும் என்று, அவர் சாகிறவரைக்கும் நிறுத்தி வைக்க மகன் சொல்லியிருக்கிறான். அதை ஒரு டிக்கெட் தேதியைப் போல இன்னொருவர் குறித்துவைத்துக்கொண்டு வருகிறபோதெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறார். ஒரு ஆளை வீட்டைவிட்டுத் துரத்தினால்கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. இத்தனை மரியாதையோடு ஒரு மனிதனை ஏமாற்றுவதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

நான் காப்பி சொல்லவில்லை. "ஐயா, டெல்லியில ஒண்ணும் இல்லீங்க. உங்க பேத்திக்கு விசாவே போடலைங்க" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த துண்டை மடித்து மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். "பெரியவன் சொல்லித்தானுங்களா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"என்ற மருமவப் புள்ளை, நாந்தான் வர வேண்டாம்னு இருக்கறேன்னு நெனச்சிருக்குமுங்களே அம்மணி" என்றார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நாம என்னங்க பண்ணோணும்?" என்று கேட்டார்.

"உங்க பேரும், ஊட்டு விலாசமும், ஒரு போன் நம்பரும் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க. மிச்சம் அவங்களே அங்க உக்காந்து போட்டுக்கலாமுங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

அந்த 'அவ்வளவுதானுங்களா' இன்னமும் என் காதில் இருக்கிறது. உண்மையிலேயே அவ்வளவுதான். அந்த விண்ணப்பத்தில் இந்தியாவில் தெரிந்தவர் என்று ஒருவர் பேரும் விலாசமும் கேட்பார்கள். குடும்பத்தாரிடமிருந்து தேவைப்படுவது அது ஒன்றுதான். ஏஜென்சி வேண்டாம், அண்ணன் கையெழுத்து வேண்டாம், ரத்தினம் சார் வேண்டவே வேண்டாம். திறந்து கிடந்த கதவுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றுகொண்டு, பூட்டியிருக்கிறது, சாவி வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஐயாவின் போனில் லானின் எண் இருந்தது, ஆனால் பேசிக்கொள்ள மொழி இல்லை. இவருக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது, அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் சொந்தப் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். முதலில் அவள் நம்பவில்லை. அது நியாயம்தான். இந்தியாவில் குடும்பத்தார் ஏஜென்சி மூலமாகத்தான் விசா கேட்க வேண்டும், நீயாகப் போட்டு அது திரும்பிவிட்டால் ஆயுசுக்கும் உள்ளே விட மாட்டார்கள் என்று தங்கவேலு சொல்லியிருந்தார். ரத்தினம் சாரும் போனில் வந்து, ஆமாம் மேடம், தயவுசெய்து பொறுமையாக இருங்கள் என்று சொல்லியிருந்தார். குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லும்போது அதை மீறக் கூடாது என்று கார்த்தி அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தானாம். அதனால்தான் பொறுமையாக இருந்தேன் என்றாள். நம் ஊர் மரியாதையை அவள் அத்தனை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் சொன்னாள். தாய்மாமன் மடியில் உட்காராமல் முடி எடுப்பதில்லை, உன் தம்பிக்கும் விசா கிடைத்தால்தான் வந்து பிரயோஜனம் என்று தங்கவேலு சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னால் மலைத்துப் போய் விட்டுவிடுவாள் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். லான் போய்த் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் துவான், மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பிறந்த ஊரைவிட்டு எங்கும் போகாதவன். மறுவாரமே போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு, மடி கொடுக்கக் காத்திருந்தான். நம் பக்கத்துத் தாய்மாமன்கள் கல்யாண மண்டபத்தில் மாலை மரியாதை குறைந்தது என்று எழுந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

ஆக மூன்று விண்ணப்பம். ஒருத்தருக்கு ஒன்று தனித்தனியாகப் போட வேண்டும், குழந்தைக்கும் தனியாகத்தான். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் நான்கு மூலையும் தெரிய, பளபளப்பு அடிக்காமல் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் பேர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் அடிக்க வேண்டும். வியட்நாம்காரர்களுக்குக் குடும்பப் பேர் முன்னால் வரும், அங்கேதான் பாதிப் பேர் தப்பு செய்வார்கள். மதம், படிப்பு, உடம்பில் அடையாளம், அப்பா அம்மா பிறந்த ஊர் எல்லாம் கேட்கும். இனியாவின் விண்ணப்பத்தில் தகப்பன் பிறந்த ஊர் என்ற இடத்தில் பொள்ளாச்சி என்று லான் அடித்தாள். எழுத்துச் சரியா என்று எனக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டாள்.

இழுத்தடித்தது போட்டோதான். சதுரமாக இருக்க வேண்டும், பின்னால் வெள்ளை, நிழல் விழக் கூடாது, முகம் முழுக்கத் தெரிய வேண்டும். இனியாவின் முடி எப்படிக் கட்டினாலும் கன்னத்தில் வந்து விழுந்தது. ஒன்று அனுப்பினாள், நெற்றி மறைந்திருந்தது. இன்னொன்றில் கொண்டை போட்டதில் தலை படத்தைவிட்டு வெளியே போய்விட்டது. முன்பக்கம் மட்டும் கொஞ்சம் வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று எந்த ஸ்டுடியோக்காரனும் சொல்வான், அங்கேயும் சொல்லியிருக்கிறான். லான் மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னி, பின்னலை முதுகுக்குப் பின்னால் போட்டு, துவான் பின்னாலிருந்து நுனியைப் பிடித்துக்கொள்ள ஒரு படம் எடுத்தார்கள். அதில் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்க்கிறாள். அந்தப் படத்தைத்தான் நாச்சிமுத்து ஐயாவுக்கு அனுப்பினேன். யாரையோ விட்டுப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டாராம்.

அந்த வாரமே மூன்று பேருக்கும் விசா வந்துவிட்டது. முப்பது நாள், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று கேட்குமிடத்தில் லான் என்னைக் கேட்காமலே மூன்றிலும் ஐந்து வருடத்தைப் போட்டிருந்தாள். ஐயாவுக்குப் போனில் சொன்னேன். "வந்துருச்சுங்களா" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த யாரிடமோ, "விசா வந்துருச்சாமா" என்று சொல்வது மட்டும் கேட்டது. பிள்ளைக்குப் பரீட்சை முடிய வேண்டும் என்று பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தார்கள். ஐயா கோயில் பூசாரியிடம் நாள் குறித்தார். பங்காளி வீடுகளுக்கு அவரே போய்ச் சொன்னார்.

அதற்குள் ஆபீசுக்கு விஷயம் வந்துவிட்டது. தங்கவேலு என்னைத் திட்டவில்லை. ரத்தினம் சாருக்குப் போன் செய்து, "அம்மணிக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டோமுங்க போலிருக்குது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சார் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அம்மணி, டிராவல்ஸ் நடத்தறது நாம. குடும்பம் நடத்தறது அவங்க. நாம எதுக்குங்க நடுவுல?"

"நடுவுல போய் நின்னது நீங்கதானுங்களே சார். மாசக்கணக்கா அந்த ஐயாகிட்ட டெல்லியில இருக்குது, டெல்லியில இருக்குதுன்னு சொன்னீங்க. அந்தம்மாகிட்டயும் பொய் சொன்னீங்க."

"கஸ்டமர் சொன்னதைச் செஞ்சோமுங்க. நம்ம கஸ்டமர் தங்கவேலண்ணன். அந்தப் புள்ளை இல்லீங்க."

"அந்த ஐயா சாகறவரைக்கும் இப்படியே சொல்லிட்டு இருக்கலாம்னு இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை முறைக்கவில்லை. வருத்தமாகப் பார்த்துவிட்டுப் பெல்லை அழுத்தி, எனக்குக் காப்பி சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து எனக்கு டிக்கெட் கவுன்டர். ரிட்டயர் ஆகிறவரை அங்கேதான் இருந்தேன். வழியனுப்பு விழாவில் இதே ரத்தினம் சார் எனக்குச் சால்வை போட்டு, விசா பிரிவுக்கே தூண் போல இருந்தவர் என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆனால் சொல்ல வந்தது அது இல்லை. லான் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது நாச்சிமுத்து ஐயா போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம். நான் லானுக்குச் சொன்னேன். அவள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினாள். சிங்கப்பூரில் இருக்கிறேன், நாளைக் காலை கோயம்புத்தூர், முகத்தை மட்டும் குழந்தைக்குக் காட்டிவிடுங்கள் என்று தங்கவேலுவுக்குச் செய்தியும் அனுப்பியிருந்தாள். ஐஸ் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்திருந்தால் பேத்தி முகத்தைப் பார்த்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக இரண்டு நாள் மூன்று நாள் வைப்பதில்லையா? "வயசானவங்களை வெச்சிருக்கக் கூடாதுங்க, பாவமுங்க" என்று அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விமான நிலையத்துக்குப் போய் நான்தான் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனேன். காரில் துவான் கையில் ஒரு பை இருந்தது. அதில் வேட்டியும் துண்டும். கோயிலில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரிடமோ சொல்லி அங்கேயே வாங்கியிருக்கிறான்.

வாசலில் பந்தல் பிரித்திருக்கவில்லை. பங்காளிகள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கவேலு எழுந்து வந்து லானைக் கும்பிட்டார். துவானைக் கும்பிட்டார். குழந்தையின் தலையைத் தடவினார். எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்.

"அம்மணி, அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. சாவு உழுந்த ஊட்டுல ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் பண்ணக் கூடாதுங்க. முடி எடுக்கறது இப்ப ஆகாதுங்க. அவங்களும் பாவம், இத்தனை தூரம் வந்துட்டாங்க. அடுத்த தடவை எப்பவாச்சும் வந்தாங்கன்னாப் பாத்துக்கலாமுங்க."

வழக்கம் என்று பார்த்தால் அவர் சொன்னது சரிதான். யாரும் மறுக்க முடியாது. நாற்காலியில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆனால் நேரத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை எப்போதோ வந்து, தாத்தா கண்ணெதிரே முடி இறக்கிவிட்டுப் போயிருக்கும். காலத்தைத் தின்றவரே இப்போது காலம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார். என் வாழ்நாளில் ஒரு மனிதனை அறைய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்று ஒரு நாள்தான்.

அறையவில்லை. அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் லானுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள். உள்ளே சுவரில் ஐயாவின் படம் இன்னும் மாட்டவில்லை. அவர் பெரிதாகப் பிரிண்ட் போட்ட இனியாவின் படம்தான் அங்கே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தம்பியிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டாள். துவான் சரியென்று தலையசைத்தான். அவள் என் பக்கம் திரும்பி, ஒரு வருடம்தானே, முடி இன்னும் கொஞ்சம் வளரும், அவ்வளவுதான் என்றாள்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். பந்தலில் கடைசி நாற்காலிவரை கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "வருசம் கழிச்சு வாராங்களாமுங்க. மாமனும் வாராருங்க. அஞ்சு வருசத்துக்கு விசா இருக்குதுங்க, எத்தனை தடவை வேணும்னாலும் வரலாமுங்க. யாரையும் ஒண்ணும் கேக்க வேண்டியதில்லைங்க."

தங்கவேலு கும்பிட்ட கையை இறக்காமல், "ரொம்பச் சந்தோசமுங்க" என்றார். வரிசையில் இருந்த வயதான பங்காளி ஒருவர் மட்டும் எழுந்து வந்து இனியாவின் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கார்த்தி முடியாட்டவே சுருட்டைங்க" என்றார். "வருசந் திரும்பட்டும் அம்மணி. கூட்டிட்டு வாங்க, நாங்க கோயல்ல இருக்கறோமுங்க." மரியாதையான பேச்சு எதையும் நான் இப்போது சட்டென்று நம்பிவிடுவதில்லை. ஆனாலும் அவர் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வருடம் திரும்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. போன வாரம்கூட அந்தப் பெரியவருக்குப் போன் செய்தேன். பூசாரியிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். இனியாவுக்கு இப்போது முடி இடுப்பைத் தாண்டிவிட்டதாம், உட்கார்ந்தால் தரையில் படுகிறதாம். மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. எங்கள் ஆபீசில் எடுக்கவில்லை.